அவசர சிகிச்சை வேறு, சிறப்பு சிகிச்சை வேறு: குமரி மாவட்டத்தில் நாய், பூனை வளர்ப்போருக்கு ஓர் அறிமுகம்

தடுப்பூசி போட, பூச்சி மருந்து கொடுக்க, காதில் சீழ் வந்தால் காட்ட என்று நாய், பூனை வளர்க்கும் எல்லோருக்கும் ஒரு டாக்டர் பழக்கமாகிவிடுகிறார். பக்கத்து ஊர் மாட்டாஸ்பத்திரியில் இருப்பவராக இருக்கலாம், நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ தனியாக கிளினிக் வைத்திருப்பவராக இருக்கலாம். பெரும்பாலான தேவைகள் அவரிடமே தீர்ந்துவிடும். தீராதபோதுதான் அவசர சிகிச்சை, சிறப்பு சிகிச்சை என்ற இரண்டும் காதில் விழுகின்றன. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால், பிழைக்க வேண்டிய உயிர்கள் நம் பக்கத்தில் வழியிலேயே போய்விடுகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

அவசர சிகிச்சை என்பது நேரத்தைப் பற்றியது. அங்கே டாக்டர் முதலில் கேட்பது "என்ன நோய்?" என்று அல்ல, "இப்போது எது இதன் உயிரை எடுக்கப் போகிறது?" என்று. மூச்சு அடைத்தால் ஆக்சிஜன், ரத்த ஓட்டம் தளர்ந்தால் டிரிப்ஸ், விஷம் என்றால் மாற்று மருந்து, வலிக்கு ஊசி. நோயின் பெயர் பிறகு வரட்டும். சிறப்பு சிகிச்சை என்பது ஆழத்தைப் பற்றியது. உடைந்த தொடை எலும்புக்கு பிளேட் வைப்பது, இதயத்தை எக்கோ ஸ்கேனில் பார்ப்பது, கண்ணில் அறுவை செய்வது, விழுங்கிய பொருளை எண்டோஸ்கோப் (கேமரா வைத்த மெல்லிய குழாய்) விட்டு எடுப்பது எல்லாம் அதில் சேரும். அதற்குக் கருவி வேண்டும், அந்த ஒரு துறையிலேயே கை பழகியவர் வேண்டும்.

சென்னையில் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் அவ்வளவு முக்கியமில்லை. இரண்டும் ஒரே ஊரில் கிடைக்கும். நமக்கு அப்படி இல்லை. கால்நடை மருத்துவக் கல்லூரி என்று தேடினால் திருநெல்வேலி ராமையன்பட்டிக்குப் போக வேண்டும். 2012இல் தொடங்கிய கல்லூரி அது. நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். மேற்கே திருவனந்தபுரம், நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டர் பக்கம். மார்த்தாண்டம், களியக்காவிளை, அருமனைக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் கிட்டம். ஆரல்வாய்மொழி, தோவாளைக்காரர்களுக்குத் திருநெல்வேலி வசதி. எப்படிப் போனாலும் வழியில் ஒரு மணி நேரமாவது ஆகும், நெரிசலில் மாட்டினால் இரண்டு மணி நேரம்கூட. மூச்சுத் திணறும் பூனைக்கோ, உள்ளே ரத்தம் கசியும் நாய்க்கோ அந்த நேரம் கையில் இருக்காது.

அதனால் நம் மாவட்டத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கிட்டத்தில் இருக்கும் டாக்டர். அவர் உயிரை நிலைநிறுத்தட்டும். அப்புறம் தூரத்துப் பெரிய மருத்துவமனை. "பெரிய இடத்துக்கே நேராகப் போயிருவோம்" என்று காரை எடுப்பது பாசத்தில் வருவதுதான், ஆனால் அது ஆபத்தான பாசம். ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றி, ரத்தக் கசிவைக் கட்டி அனுப்பிய நாய் திருநெல்வேலி வரை தாங்கும். ஒன்றும் செய்யாமல் கிளம்பிய நாய் காவல்கிணறு தாண்டுமா என்று சொல்ல முடியாது.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

இது அவசரமா, காலை வரை பொறுக்கலாமா என்று தீர்மானிக்க மருத்துவப் படிப்பு வேண்டாம். நாயின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருந்தால் நல்லது. விரலால் ஒரு நொடி அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்ப நேரமானால் ரத்த ஓட்டம் சரியில்லை. ஈறு வெள்ளைக் காகிதம் போல் வெளுத்திருந்தாலும், நீலம் ஓடியிருந்தாலும், செங்கல் நிறத்தில் சிவந்திருந்தாலும் உடனே கிளம்ப வேண்டியதுதான். ஈறு இயல்பிலேயே கறுப்பாக இருக்கும் நாய்களுக்குக் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்க்கலாம்.

அடுத்தது மூச்சு. தூங்கும்போது விலா எழுந்து அடங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். நிமிடத்துக்கு 15 முதல் 30 வரை சாதாரணம். தூக்கத்திலும் 40ஐத் தாண்டினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம். நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பது இயல்பு; பூனைக்கு அது இயல்பே இல்லை.

மலவாயில் வைத்துப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றைத் தனியாக வாங்கி வையுங்கள். நாய், பூனைக்கு 101லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. நமக்குக் காய்ச்சல் என்று படுக்கிற அளவு அவற்றுக்குச் சாதாரணம் என்பதால், தொட்டுப் பார்த்து "சுடுதே" என்று சொல்வதை நம்ப முடியாது. இந்த மூன்றையும் உங்கள் பிராணி நன்றாக இருக்கும் நாளில் ஒருமுறை பார்த்துவையுங்கள். நல்ல நாளின் கணக்கு தெரிந்தால்தான் கெட்ட நாளின் கணக்கு புரியும்.

நம் மண்ணுக்கே உரிய அவசரங்கள்

பொதுவான பட்டியல்கள் எங்கும் கிடைக்கும். ரப்பர் தோட்டமும் வாழையும் கடலும் சேர்ந்த இந்த மாவட்டத்தில் வரும் அவசரங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

பாம்புக்கடிதான் முதலில். மழைக்காலத்தில் ரப்பர் சருகுக்குள் மூக்கை நுழைக்கும் நாய்க்கு முகத்திலோ முன்னங்காலிலோ கடி விழும். கண்ணாடி விரியன் கடித்தால் வீக்கம், வலி, ரத்தம் உறையாமல் கசிவது, பின்னால் சிறுநீரகக் கேடு. நல்ல பாம்பு கடித்தால் வீக்கத்தோடு நரம்பு தளர்ந்து மூச்சு நிற்கும். கட்டுவிரியன் மோசம்: கடித்த தடமே தெரியாது, ராத்திரி நன்றாகப் படுத்த நாய் காலையில் பின்னங்கால் இழுபட்டுத் தள்ளாடும். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள், பச்சிலை அரைத்துப் பூசி நேரம் போக்காதீர்கள். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். நடந்தால் விஷம் வேகமாகப் பரவும். முகம் வீங்கத் தொடங்கினால் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள்.

டாக்டர் அங்கே ஒரு எளிய சோதனை செய்வதைப் பார்க்கலாம். சுமார் 2 மில்லி ரத்தத்தை எடுத்து, காய்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, மேசையில் ஆடாமல் நிறுத்துவார். 20 நிமிடம் யாரும் தொடக் கூடாது. பிறகு மெல்லச் சாய்ப்பார். ரத்தம் கட்டியாக நின்றால் ஓரளவு நிம்மதி. தண்ணீர் மாதிரி ஓடினால் விரியன் விஷம் ரத்தம் உறையும் தன்மையைக் குலைத்திருக்கிறது என்று பொருள். விஷமுறிவு மருந்து உடனே ஏற வேண்டும். கண்ணாடிக் குழாயும் கடிகாரமும் மட்டுமே வேண்டிய இந்தச் சோதனை மனிதர்களுக்கும் செய்வதுதான்.

மருந்தும் மனிதர்களுக்குப் போடும் அதே மருந்துதான். குதிரைகளின் உடலில் உருவாக்கி எடுப்பது. அதற்கான விஷத்தை எடுத்துத் தருவதில் 1978இல் தொடங்கிய, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் சேர்த்துச் செய்த மருந்து அது. மலையடிவாரத் தோட்டங்களில் இருக்கும், மூக்கு நுனி மேலே தூக்கியிருக்கும் குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்தில் இருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். பாம்பை அடித்துக் கொன்று எடுத்துப் போக வேண்டாம். தள்ளி நின்று போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் டாக்டருக்கு அது பெரிய உதவி. இன்னொன்று: "சின்ன நாய்தானே, கொஞ்சம் மருந்து போதுமே" என்று கணக்குப் போடக் கூடாது. மருந்தின் அளவு உள்ளே போன விஷத்தைப் பொறுத்தது, நாயின் எடையைப் பொறுத்தது அல்ல. ஒவ்வாமை வந்தால் சமாளிக்க வேறு மருந்துகளும் தயாராக இருக்க வேண்டும் என்பதால் இதை வீட்டில் போட முடியாது.

பால்வெட்டு நடக்கும் வீடுகளில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட். டிரேயில் கலக்கி வைத்ததை நாய் நக்கிவிடும், அல்லது கேன் கவிழ்ந்து காலில் படும். வாய் வெந்து எச்சில் ஒழுகும். இங்கே வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. இறங்கும்போது ஒருமுறை வேக வைத்த ஆசிட், ஏறும்போது மறுபடி வேக வைக்கும். வாயையும் காலையும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுக் கிளம்புங்கள். மண்ணெண்ணெய் குடித்தாலும், அரை மயக்கத்தில் இருந்தாலும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தி வரட்டும் என்று உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்; அந்த உப்பே நாயைக் கொல்லக்கூடும்.

வாழைக்குப் போடும் குருணை மருந்தைத் தின்ற நாய்க்கு எச்சில் ஆறாக ஓடும், கண்ணில் நீர் வடியும், கழிச்சல் போகும், தசை துடிக்கும். அட்ரோபின் என்ற ஊசி மருந்து இதற்கு நன்றாக வேலை செய்யும், நேரத்துக்குப் போனால். எலி மருந்தில் இரண்டு மூன்று வகை உண்டு. கேக் வடிவில் விற்கும் ஒரு வகை ரத்தம் உறைவதைத் தடுப்பது. தின்ற அன்று நாய் துள்ளி விளையாடும், மூன்று நான்கு நாள் கழித்து மூக்கிலும் மலத்திலும் ரத்தம் வரும். தின்றது தெரிந்த அன்றே போய்விட்டால் வைட்டமின் கே1 மருந்தால் காப்பாற்ற முடியும். வாரக்கணக்கில் தொடர்ந்து கொடுக்க வேண்டியிருக்கும். எந்த விஷமாக இருந்தாலும் அதன் கவர், டப்பா, மிச்சம் எல்லாவற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் மாற்று மருந்தைத் தேர்ந்தெடுப்பது அந்த எழுத்தைப் பார்த்துத்தான்.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மாதிரி கடற்கரை ஊர்களில் தூண்டில் முள். மீன் துண்டோடு பூனையோ நாயோ விழுங்கிவிடும். வாயில் தூண்டில் நரம்பு (நைலான் இழை) தொங்கிக்கொண்டிருக்கும். இழுக்காதீர்கள். முள்ளின் கொக்கி தொண்டையையோ உணவுக்குழாயையோ கிழித்துவிடும். நரம்பை ஒட்ட வெட்டவும் வேண்டாம். டாக்டருக்கு அந்த நுனி வேண்டும். எக்ஸ்ரேயில் முள் எங்கே நிற்கிறது என்று தெரிந்தபின் எண்டோஸ்கோப்பா, அறுவையா என்று முடிவு செய்வார்கள். உள்ளூர் டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, வலியை அடக்கி, மேலே அனுப்பும் வழக்கமான கேஸ் இது. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பேத்தை மீனையும் நாய் கவ்வ விடாதீர்கள். அதன் விஷம் உடம்பு முழுவதையும் முடக்கி மூச்சை நிறுத்தக்கூடியது, அதற்கு மாற்று மருந்தும் கிடையாது.

தேரையைக் கவ்விய நாய் வாயில் நுரை தள்ளினால், தலையைக் கீழே சாய்த்துப் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் பக்கவாட்டில் வாயைக் கழுவினாலே பெரும்பாலும் தணிந்துவிடும். தள்ளாட்டமோ வலிப்போ தொடர்ந்தால் டாக்டர்.

எங்கும் வரும், நாம் தவறவிடும் சில

ஆண் பூனை மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, ஒன்றும் வரவில்லை. வீட்டில் இருப்பவர்கள் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் தேடுவார்கள். பெரும்பாலும் அது சிறுநீர்க் குழாய் அடைப்பு. சிறுநீர் தேங்கினால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஒன்றிரண்டு நாளுக்குள் இதயம் நின்றுவிடும். குழாய் போட்டு அடைப்பை எடுத்தால் பிழைக்கும். "நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லவே கூடாத நோய்களில் இதை முதலில் வைப்பேன்.

மார்பு ஆழமான பெரிய நாய், அதாவது ஜெர்மன் ஷெப்பர்டு, டாபர்மேன், கிரேட் டேன் மாதிரி, நம் ராஜபாளையமும் அதில் சேரும், வாந்தி எடுக்க முயன்று வெறும் எச்சில்தான் வருகிறது, வயிறு மத்தளமாக உப்புகிறது என்றால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். மணிக் கணக்கில்தான் நேரம். அறுவை தவிர வழியில்லை.

சூடு தாக்கி 105 டிகிரிக்கு மேல் போன நாயைக் குழாய்த் தண்ணீரால் நனைத்து, காற்றாடி போட்டு, ஏ.சி. காரில் கொண்டுபோங்கள். 103க்கு வந்ததும் நனைப்பதை நிறுத்துங்கள். பக் மாதிரி மூக்கு சப்பையான இனங்களுக்கு இது சீக்கிரம் வரும். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அவசரம். வாய்க்குள் கை விடக் கூடாது. தடுப்பூசி போடாத குட்டிக்கு வாந்தியும் ரத்தக் கழிச்சலும் என்றால் பார்வோ என்ற வைரஸ் நோய் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கிளினிக் வாசலிலேயே அதைச் சொல்லிவிடுங்கள், குட்டியைத் தரையில் இறக்காதீர்கள். மற்றக் குட்டிகளுக்குத் தொற்றிவிடும். கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் முடிந்து சில வாரத்தில் அதிகமாகத் தண்ணீர் குடித்து, சோர்ந்து, சாப்பிடாமல் கிடந்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். பூனைக்கு ஒருபோதும் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். நாம் தலைவலிக்குப் போடும் ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

வெறிநாய்க்கடி பற்றித் தனியாக ஒன்று. திடீரென்று குணம் மாறி, விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக்கும் பிராணியின் வாயில் "எலும்பு மாட்டியிருக்குமோ" என்று கைவிட்டுப் பார்க்காதீர்கள். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பயத்தில் கடித்த சொந்த நாயானாலும் இதைச் செய்யுங்கள்.

போன் எடுத்ததும் என்ன சொல்வது

கிளம்பும் முன் கூப்பிடுங்கள். ராத்திரியில் எல்லா கிளினிக்கும் திறந்திருக்காது; திறந்திருக்கும் இடத்திலும் அறுவைக்கு ஆள் இருக்கிறார்களா என்று தெரிய வேண்டும். 1962 என்ற கால்நடை உதவி எண் இருக்கிறது. ஆனால் அந்த நடமாடும் வண்டிகள் முதன்மையாகக் கிராமத்து ஆடு மாடுகளுக்கு வீடு தேடிப் போவதற்காக வந்தவை. நடுராத்திரி பூனைக்கு அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. உங்கள் டாக்டரிடமே பகலில், பதற்றமில்லாத ஒரு நாளில், "சார், ராத்திரி ஏதாவது ஆனா யாரக் கூப்பிடணும்?" என்று கேட்டு இரண்டு மூன்று எண்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பேசும்போது கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டாம். இப்படிப் போதும்: "டாக்டர், ஆறு வயசு ஆண் ஷெப்பர்டு, முப்பத்தஞ்சு கிலோ. ஒரு மணி நேரமா ஓங்கரிக்குது, ஒண்ணும் வரல. வயிறு உப்பியிருக்கு, ஈறு வெளுத்துருக்கு. மார்த்தாண்டத்துல இருந்து வரோம். ஆபரேஷன் வசதி இருக்கா, இல்ல வேற எங்கயாவது போகணுமா?" இதில் அவருக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. நீங்கள் வருவதற்குள் டிரிப்ஸும் ஊசியும் மேசைக்கு வந்திருக்கும்.

அங்கே போனபின், உங்களுக்கு முன்னால் வந்தவர்களைத் தாண்டி உங்களை உள்ளே கூப்பிடலாம். உங்களைத் தாண்டி வேறு ஒருவரையும் கூப்பிடலாம். அவசரப் பிரிவில் யார் முதலில் வந்தார் என்ற கணக்கு இல்லை. யாருக்கு ஆபத்து அதிகம் என்பதே கணக்கு. தோல் அரிப்போடு ஒரு மணி நேரம் காத்திருக்கும்போது, பைக்கில் அடிபட்ட தெருநாயை முதலில் எடுத்துக்கொண்டு போனால் கோபப்படாதீர்கள். காத்திருக்க வைத்தார்கள் என்றால் உங்கள் பிராணிக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை என்று அர்த்தம்.

மேலே அனுப்பும்போது

"இதுக்கு மேல என்னால முடியாது, திருநெல்வேலிக்குக் கொண்டு போங்க" என்று டாக்டர் சொன்னால், அவருக்குத் தெரியவில்லை என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் நேர் எதிரான கருத்து. தன் எல்லையைத் தெரிந்து நேரத்தோடு அனுப்புகிறவர்தான் நம்பத் தகுந்த டாக்டர். அவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்: என்ன கண்டார், என்ன மருந்து எந்த நேரத்தில் போட்டார், ரத்தப் பரிசோதனை முடிவு, எக்ஸ்ரே. அது இல்லாமல் போனால் அங்கே எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்வார்கள். பணமும் போகும், நேரமும் போகும்.

ஸ்பெஷலிஸ்ட் யார் என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். கால்நடை மருத்துவப் பட்டம் ஐந்தரை ஆண்டு. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டு முதுநிலை, ஏதாவது ஒரு துறையில். பெயர்ப்பலகையில் எம்.வி.எஸ்சி. என்று இருந்தால் எந்தத் துறை என்று மரியாதையாகக் கேட்கலாம். அறுவையும் கதிரியக்கமும் படித்தவர் எலும்புக்குப் பொருத்தம்; மருத்துவப் பிரிவு படித்தவர் சிறுநீரகம், இதயம், சர்க்கரை மாதிரி நோய்களுக்கு; மகப்பேறு படித்தவர் கருப்பைக்கு. தீவனத்திலோ கோழி வளர்ப்பிலோ முதுநிலை முடித்தவரும் அதே எழுத்துகளைத்தான் போடுவார். அவர் திறமையானவராக இருக்கலாம், உங்கள் நாயின் முழங்காலுக்கு உரியவர் அல்ல.

ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் சிக்கல் கூடும். உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் வற்றிய நாய்களுக்கு இது அடிக்கடி தேவைப்படுகிறது. சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாய்களுக்கான ரத்த வங்கி இருக்கிறது. நம் பக்கத்தில் பெரும்பாலும் வேறொரு நாயை நேரில் கூட்டிக்கொண்டு போவதுதான் வழி: 25 கிலோவுக்கு மேல், நடுவயது, தடுப்பூசி எல்லாம் போட்ட, உண்ணி நோய் இல்லாத நாய். தெருவில் பெரிய நாய் வளர்ப்பவரோடு இப்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது. பூனைக்கு ரத்த வகை பார்க்காமல் ஏற்றவே கூடாது.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டாம். அரசுக் கல்லூரி மருத்துவமனைகளில் கட்டணம் குறைவு, தனியாரில் கூடுதல், ராத்திரி என்றால் இன்னும் கூடுதல். "மொத்தம் எவ்வளவு ஆகும், பிழைக்க எவ்வளவு வாய்ப்பு, குறைந்த செலவில் வேறு வழி உண்டா" என்ற மூன்று கேள்வியையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். இதைக் கேட்பதால் பாசம் குறைந்தவர் ஆகிவிட மாட்டீர்கள். எந்தச் சிகிச்சையும் வலியை நீட்டிக்க மட்டுமே செய்யும் என்ற நிலை வந்தால், வேதனையில்லாமல் அனுப்பிவைப்பதைப் பற்றியும் டாக்டர் பேசுவார். அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள், வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவெடுங்கள்.

பிழைத்துத் திரும்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டைக் கேட்டு வாங்கி, உங்கள் உள்ளூர் டாக்டரிடம் கொடுங்கள். தையல் பிரிப்பது, கட்டு மாற்றுவது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ரத்தம் எடுத்துப் பார்ப்பது எல்லாம் அவரே செய்துவிடுவார். அதற்காக மறுபடி திருநெல்வேலிக்கு ஓட வேண்டியதில்லை.